ஊரடங்கு வெயிலில் போட்ட வற்றலில் ஏன் பூசணம் பூத்தது?

கேள்வி: 2020 ஊரடங்கில் முதன்முறையாக வற்றல், வடாம், மோர் மிளகாய் போட்டுப் பார்த்த பலருக்கும், நான்கு நாள் காயவைத்தும் ஒரே மாதத்தில் பூசணம் பிடித்தது. வடாமோ எண்ணெயில் பொரியாமல் கல்லாகக் கிடந்தது. சித்திரை வெயிலுக்கா பஞ்சம்? என்னதான் தப்பு?

பதில்:

வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது. தண்ணீர்க் கணக்கில்தான் பிசகு.

அந்த நாட்களை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை. கடைகள் மதியத்தோடு சரி. மே 5-ஆம் தேதி கோயம்பேடு சந்தையையே மூடி, மொத்தக் காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த முறை எப்போது காய் கிடைக்குமோ என்று ஒரு வாரத்துக்கானதைச் சேர்த்து வாங்கி, மீந்த காய் வதங்கத் தொடங்கிய பிறகு அதை வற்றலுக்கு நறுக்கினார்கள். முதல் தப்பு இங்கேதான். வாடிப்போன காயில் அழுகல் ஏற்கெனவே ஆரம்பித்திருக்கும். காய்வதற்கு ஆகும் மூன்று நாளில் அது இன்னும் பெருகும். வற்றலுக்கு எடுப்பது அன்று வந்த காயாக, பிஞ்சாக இருக்க வேண்டும். மீந்ததைக் கூட்டு வைத்துச் சாப்பிடுவதே மேல்.

கொத்தவரங்காயில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். கத்தரிக்காயில் தொண்ணூறுக்கும் மேல். ஆக, ஒரு கிலோ கொத்தவரங்காய் காய்ந்து முடிந்தால் 200 கிராம் அளவில் நிற்க வேண்டும். கத்தரிக்காய் 100 கிராமை ஒட்டி. "தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது" என்பதை நம்பாதீர்கள், தராசில் வையுங்கள். கொத்தவரங்காய் 300 கிராமில் நின்றால் இன்னும் 100 கிராம் தண்ணீர் உள்ளே இருக்கிறது, பூசணத்துக்கு அது தாராளம்.

காம்பு, நார் எடுத்த ஒரு கிலோ கொத்தவரங்காயை, இரண்டு லிட்டர் கொதிநீரில் 50 கிராம் கல் உப்பும் கால் டீஸ்பூன் மஞ்சள்தூளும் போட்டு, மூன்று நான்கு நிமிடம் மட்டும் வேகவிட்டு வடியுங்கள். நிறம் மாறினால் போதும். குழைய வெந்தால் துணியோடு ஒட்டிக்கொள்ளும். வேகவைக்காமலே போட்டால் காய்ந்த பிறகு வைக்கோல் போல ஆகிவிடும், பொரித்தாலும் நார்தான். கத்தரிக்காயை அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமனாக நறுக்கக் கூடாது. தடித்த துண்டு அக்கினி நட்சத்திர வெயிலில் மேலே மட்டும் சட்டென்று காய்ந்து ஓடு கட்டிவிடும். உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியே வர வழி கிடையாது. முதல் நாள் மட்டும் மதியத்துக்குள் ஒரு தடவை திருப்பிப் போட்டால் இது பெரும்பாலும் தீரும். தகரத் தட்டு வேண்டாம், பழைய வேட்டி போதும்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வரும். உடம்புக்கு இதம், வற்றலுக்கு எமன். வெயில் பளீரென்று அடித்தாலும் காற்றில் ஈரம் ஏறிவிடும். காய்ந்தது திரும்ப நமுக்கும். ஆகவே காலை எட்டு மணிக்கே விரித்து, மூன்று மூன்றரைக்குள் எடுத்துவிடுங்கள். மதுரையிலோ சேலத்திலோ ஐந்து மணி வரை விட்டாலும் பாதகமில்லை. அந்த மாதங்களில் செய்தியைப் போட்டால் தொற்று எண்ணிக்கையோடு நிறுத்திவிட்டு அணைத்தவர்கள்தான் அதிகம். கடைசியில் வரும் வானிலை அறிக்கையில் சொல்லும் ஈரப்பதம்தான் வற்றல் போடுகிறவருக்கு வேண்டிய செய்தி. ராத்திரி மாடியிலேயே விட்டால் பனி இறங்கும். ஒரு நாள் உழைப்பு போச்சு.

காக்கை தொல்லை புதிதல்ல. சங்கப் பாடல்களில் நெய்தல் எனும் கடற்கரை நிலத்துப் பெண்கள், வெயிலில் காயப்போட்ட உணங்கல் மீனைப் பறவை கொத்தாமல் காவல் இருப்பார்கள். இப்போது கொசுவலை போதும்.

மோர் மிளகாய்தான் அதிகம் பேருக்குக் கெட்டது. அரை கிலோ வெளிர்பச்சைக் குண்டு மிளகாய்க்கு, நன்றாகப் புளித்த கெட்டி மோர் அரை லிட்டர், கல் உப்பு 50 கிராம், அதாவது மிளகாய் எடையில் பத்தில் ஒரு பங்கு. உப்பைக் கைப்பிடியால் அளக்காதீர்கள். ஒரு கைப்பிடி தூள் உப்பு கல் உப்பைவிட எடை கூடுதல். கடையில் கல் உப்பு கிடைக்காமல் தூள் உப்பைப் போட்டவர்களுக்குக் கரித்தது அதனால்தான். பயந்துபோய்க் குறைத்தவர்களுக்குப் பூசணம். காம்பை விட்டுவிட்டு நுனிப்பக்கம் ஒரு அங்குலம் கீறுங்கள். கீறாத மிளகாய்க்குள் மோரும் போகாது, தண்ணீரும் வெளியே வராது. மேலே சுருங்கிக் காய்ந்த மாதிரி இருக்கும், பிளந்து பார்த்தால் விதையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பூத்திருக்கும்.

பீங்கான் ஜாடியில் இரண்டு நாள் ஊறட்டும், தினமும் இரண்டு தடவை குலுக்கிவிடுங்கள். அலுமினியம் வேண்டாம், புளிப்பும் உப்பும் சேர்ந்து அதை அரிக்கும். மூன்றாம் நாள் காலை மிளகாயை மட்டும் எடுத்து வெயிலில் வைத்து, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போட வேண்டும். மோர் முழுக்க இழுக்கும் வரை, மூன்று நான்கு நாள் இப்படி. மோர் ஜாடியையும் பகலில் வெயிலிலேயே வையுங்கள், வாடை வராது. பிறகு மிளகாயை மட்டும் மூன்று நான்கு நாள் காயவிட்டால் வெளுத்து, குலுக்கினால் விதை கலகலக்கும். அந்தச் சத்தம் வரும் வரை டப்பாவைத் தொடாதீர்கள். அவசரத்துக்குப் புளிக்காத பாக்கெட் தயிரைக் கரைத்து ஊற்றினால் மிளகாயின் காரம் அடங்காது, கெடுவதும் சீக்கிரம். தயிரை ஒன்றரை நாள் வெளியே வைத்துப் புளிக்கவிட்டுக் கடையுங்கள்.

வடாம் கதை வேறு. அங்கே குறை அடுப்பில். பிழிகிற கூழ் வடாமுக்குப் பச்சரிசி மாவு ஒரு பங்கு என்றால் தண்ணீர் இரண்டரை முதல் மூன்று பங்கு. ஊறிய ஜவ்வரிசி அரைக்கால் பங்கு. மாவை ஒரு பங்குத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, மீதித் தண்ணீரில் ஜவ்வரிசி கண்ணாடியாக வெந்ததும் ஊற்றிக் கிண்டினால் கட்டி தட்டாது. அரை கிலோ மாவுக்கு 20, 25 நிமிடம் கை ஓயாமல் கிண்டணும். வானொலியில் அரைமணிக் கச்சேரி வைத்துக்கொள்வது நல்ல வழி. கை கரண்டியில் இருக்கும்போது போனில் நேரம் பார்க்க முடியாது. மங்களம் பாடும்போது கூழ் பளபளத்து, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் வரும். அதற்கு முன் இறக்கினால் மாவு அரைவேக்காடு. காயும்போதே விரிசல் விட்டு நொறுங்கும், எண்ணெயில் விரியவும் விரியாது. வெந்த மாவுதான் உள்ளே மிச்சமிருக்கும் துளி ஈரம் ஆவியாகும்போது அதைப் பிடித்துக்கொண்டு உப்பி விரியும். உப்பைக் கூழில் கொஞ்சம் மட்டாகவே போடுங்கள், காய்ந்தால் கரிப்பு ஏறும். பச்சை மிளகாய் விழுதை வடிகட்டாவிட்டால் விதை, வடாம் பிழிகிற நாழியின் கண்ணில் அடைக்கும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகு.

காலையில் மூன்று மணி நேரம் மட்டும் வெயில் விழும் அடுக்குமாடி பால்கனியில் கூழ் வடாம் போடாதீர்கள். முதல் நாளே மேல் பக்கம் காயாவிட்டால் இரவுக்குள் புளித்துவிடும். உப்பும் புளிப்பும் உள்ள மோர் மிளகாய் அங்கே தாக்குப்பிடிக்கும், இரண்டு நாள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

டப்பாவில் போடும் முன் ஒரு சோதனை. ஒரு பிடி வற்றலைக் கண்ணாடி பாட்டிலில் இறுக மூடி, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். உள்பக்கம் வியர்த்தால் இன்னும் ஒரு நாள் காயணும். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு டப்பாவில் அடைத்தாலும் இதே வியர்வைதான், எனவே நிழலில் ஆறவிட்டு அடையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை மறுபடி வெயில் காட்டுங்கள். அப்படியும் பூசணம் பூத்திருந்தால் துடைத்துவிட்டுப் பொரிக்க வேண்டாம். சில பூசணங்களின் நஞ்சு எண்ணெய்ச் சூட்டிலும் முழுதாகப் போகாது. அந்த டப்பாவில் உள்ள மொத்தத்தையும் கொட்டிவிட்டு, டப்பாவைக் கொதிநீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.