வாசகர் கேள்வி – பதில்: கொரியப் போர், ஒவ்வொரு நாளாக

கேள்வி: 1950-இல் சீனப் படை லட்சக்கணக்கில், எல்லையிலுள்ள யாலு ஆற்றைக் கடந்து கொரியாவுக்குள் வந்தது. அமெரிக்க விமானங்கள் தினமும் பறந்தும் அது கண்ணில் படாமல் போனது எப்படி? (அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: அந்தப் படை பெரும்பாலும் நடந்தே வந்தது, அந்த நடைக்கும் கறாரான நேரக்கட்டு இருந்தது. இரவு 7 மணிக்குக் கிளம்பி, பின்னிரவு 3 மணிக்கு நிற்க வேண்டும். காலை 5.30-க்குள் குழி வெட்டி ஆட்கள், சுமை விலங்குகள், தளவாடம் எல்லாவற்றையும் மறைத்துவிட வேண்டும். பகலில் வெளியே போவது, அடுத்த இரவுக்குத் தங்குமிடம் பார்க்கும் முன்னணிக் குழு மட்டுமே. விமானச் சத்தம் கேட்டால் அவர்களும் நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தவரைச் சுடவே அதிகாரிகளுக்கு அனுமதி இருந்தது.

ஒரு டிவிஷன் (பல ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) இப்படியே 18 நாட்கள், நாளொன்றுக்குச் சராசரியாக 29 கிலோமீட்டர் மலைநாட்டில் நடந்திருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் தூரம், ஒவ்வோர் இரவும், முதுகில் மூட்டையோடு. அக்டோபர் 19-இல் ஆற்றைக் கடக்கத் தொடங்கியவர்கள், நவம்பர் கடைசியில் சுமார் 3 லட்சம் பேர். அமெரிக்கத் தலைமையில் எதிரே நின்ற ஐ.நா. தரப்பு போட்ட கணக்கோ 70 ஆயிரத்தைத் தாண்டவில்லை. சாலையில் லாரி ஓடவில்லை என்றால் படையும் இல்லை என்று நினைத்த இடத்தில்தான் கணக்குத் தப்பியது.

கேள்வி: அத்தனை வேகமாக வந்த சீனர்களின் தாக்குதல் ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடுவது ஏன்? (ஓமலூர்)

பதில்: முதுகிலிருந்த உணவு தீர்ந்துவிடும். போரிடும் சீன டிவிஷனுக்கு நாளுக்குச் சுமார் 50 டன் பொருள் போதும். அமெரிக்க டிவிஷனுக்கு 500 டன்னுக்கும் மேல் வேண்டும். ஆனால் அந்த 50 டன்னைக்கூட குண்டுவீச்சுக்கு நடுவே கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. அடுப்பு மூட்டினால் புகை காட்டிக்கொடுக்கும். ஆகவே கோதுமை 70 பங்கு, சோயா, சோளம் போன்றவை 30 பங்கு, சிறிது உப்பு சேர்த்து வறுத்து அரைத்த மாவைத் துணிப்பையில் தோளில் கட்டிக்கொண்டார்கள். நம் வீட்டுச் சத்துமாவு மாதிரிதான், கரைத்துக் குடிக்கத் தண்ணீர்தான் கிடையாது. வாயில் போட்டு, பனியை அள்ளித் தின்று விழுங்கினார்கள். இதையே வாரக்கணக்கில் தின்றதில் வாய்ப்புண் வந்தது. வைட்டமின் குறைவால் மாலைக்கண்ணும் வந்தது. இரவிலேயே நடந்து இரவிலேயே சண்டையிடும் படைக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

1950 டிசம்பர் 31-இல் தொடங்கிய தாக்குதலைப் பாருங்கள். ஜனவரி 4-இல் தென்கொரியத் தலைநகர் சியோல் விழுந்தது. 8-ஆம் தேதி சீனர்கள் நின்றுவிட்டார்கள். அமெரிக்கத் தளபதி ரிட்ஜ்வே இந்தத் தாளத்தைக் கவனித்து, ஜனவரி 25-இல் திருப்பித் தாக்கினார். வரைபட அம்புக்குறிகளைவிடத் தேதிகளை அடுக்கிப் பார்த்தால்தான் இந்தப் போர் பிடிபடும்.

கேள்வி: இந்தியா படை அனுப்பவில்லையே, பிறகு பாராசூட் ஆம்புலன்ஸ் எப்படி அங்கே போனது? (ஆத்தூர்)

பதில்: சண்டைப் படை போகவில்லை, மருத்துவப் பிரிவு போனது. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60-ஆவது பாராசூட் கள ஆம்புலன்ஸ் 1950 நவம்பரில் தென்கொரியாவின் பூசான் துறைமுகத்தில் இறங்கி, வடகொரியத் தலைநகர் பியோங்யாங் போனது. அடுத்த மாதமே பியோங்யாங்கைக் காலி செய்ய உத்தரவு வந்தது. வண்டி இல்லை, மருத்துவச் சாமான்களைக் கைவிட மனமில்லை. பழைய நீராவி எஞ்சின் ஒன்றையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்து, வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கடத்திக் கொதிகலனை நிரப்பி, தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்தார்கள். 1951 மார்ச் 23-இல் சியோலுக்கு வடக்கே முன்சான்-நியில் அமெரிக்க வீரர்களோடு பாராசூட்டில் குதித்த 12 இந்தியர்களில் ரங்கராஜும் ஒருவர். அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது.

கேள்வி: கொரியப் போர்க் குறிப்புகளில் குன்றுகளுக்கு வரும் ‘ஹில் 303’, ‘ஹில் 1282’ என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன? (ஏற்காடு)

பதில்: கடல்மட்டத்திலிருந்து உச்சியின் உயரம், மீட்டரில். உங்கள் சேர்வராயன் உச்சி அங்கே இருந்திருந்தால் ‘ஹில் 1623’. ஒன்றில் கவனம் வேண்டும்: அமெரிக்கக் குறிப்புகளில் உயரம் மீட்டரில் இருக்கும், தூரம் மைலிலும் கெஜத்திலும் வரும். ஒரே உயரமுள்ள குன்றுகள் பல உண்டு என்பதால் எண்ணை மட்டும் வைத்துத் தேடாதீர்கள்; பக்கத்து ஊரின் பெயரையும் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். 303 என்றால் வேக்வான், 1950 ஆகஸ்ட். 1282 என்றால் யூடாம்-நி, அதே ஆண்டு நவம்பர் 27 இரவு.