விரிவுரையாளர் வேலை வந்திருக்கிறது, கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. சொந்த ஊர் திருச்சி. புள்ளியியலில் முனைவர் பட்டம் முடித்து, இங்கே சிங்கப்பூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் நான்கு ஆண்டுகளாக ஒப்பந்த ஆய்வாளராக இருக்கிறேன். நிரந்தரவாசி ஆகி ஐந்து ஆண்டு ஆகிறது. இப்போது மாதம் 6,900 வெள்ளி வாங்குகிறேன். ஒரு பல்கலைக்கழகம் கற்பித்தலை முதன்மையாகக் கொண்ட விரிவுரையாளர் வேலைக்கு அழைத்திருக்கிறது. மாதம் 7,800 வெள்ளி, மூன்று ஆண்டு ஒப்பந்தம், பருவத்துக்கு மூன்று பாடங்கள். மாமியார், "இவ்வளவு படிச்சிட்டு வாத்தியார் வேலைக்கா போற?" என்கிறார். சம்பளம் நியாயமானதா? இதில் மேலே போக வழி இருக்கிறதா, இல்லை இங்கேயே தேங்கிவிடுவேனா? அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.
செங்காங் வாசகி

பதில்:

முதலில் மாமியார் விஷயத்தை முடித்துவிடுவோம். அவர் சொல்வதில் ஒரு ஊர்க்கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்லூரி வேலையில் சேர்ந்தாலே உதவிப் பேராசிரியர்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) அளவுப்படி அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது என்பது ஊருக்கே தெரியும். இங்கே உதவிப் பேராசிரியர் என்றால் பெரும்பாலும் ஆய்வுத் தடத்தில் இருப்பவர். சில ஆண்டுகளில் நிரந்தரப் பதவிக்கான பரிசீலனையை எதிர்கொள்ள வேண்டியவர். விரிவுரையாளர் என்பது அதற்குக் கீழே உள்ள படி அல்ல, பக்கத்தில் ஓடும் வேறு தடம். இதைச் சாப்பாட்டு மேசையில் ஒரு முறை விளக்கிப் பாருங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் குற்றமில்லை, அலுவலகத்திலேயே இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் இருக்கிறார்கள்.

அந்தத் தடத்தின் படிகள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒவ்வொரு மாதிரி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அதைக் கல்வியாளர் தடம் என்றே தனியாக வைத்திருக்கிறார்கள். விரிவுரையாளர், முதுநிலை விரிவுரையாளர் என்று ஏறி அதே தடத்தில் இணைப் பேராசிரியர் ஆகலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைக்கு மேலே முதன்மை விரிவுரையாளர் என்ற படி உண்டு. ஆகவே 'தேங்கிவிடுவேனா' என்ற கேள்விக்கு, படிகள் இருக்கின்றன என்பதே பதில். ஆனால் ஆய்வுத் தடத்தில் கிடைக்கிற டென்யூர், அதாவது ஓய்வு வயது வரை அசைக்க முடியாத பதவி, பொதுவாக இங்கே கிடையாது. ஒப்பந்தம்தான். மேலே போகப் போக அதன் காலம் நீளும், அவ்வளவுதான். இதை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்பே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சம்பளம். சிங்கப்பூரின் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் சம்பள அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைப்பதில்லை. துறைக்குத் துறை வேறுபாடும் அதிகம். வணிகம், சட்டம், கணினி போன்ற துறைகளில் வெளியே தனியார் நிறுவனங்கள் கொடுப்பதைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகமும் கொடுக்க வேண்டியிருக்கிறது. மொழி, வரலாறு போன்ற துறைகளுக்கு அந்த வெளிச்சந்தை இல்லை. உங்கள் புள்ளியியல் நடுவில் நிற்கிறது, ஆனால் தரவு அறிவியல் பக்கம் சாய்ந்திருக்கிறது. பேரம் பேச அது உதவும். பக்கத்து மேசைக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்று விசாரிப்பதைவிட, உங்கள் கைக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுவதுதான் பயன்.

உங்கள் வயதுக்கு மத்திய சேமநிதிக்கு (மசேநி) நீங்கள் 20 சதவீதம், முதலாளி 17 சதவீதம் செலுத்த வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து மாதச் சம்பளத்தில் முதல் 8,000 வெள்ளி வரை இது பொருந்தும். 7,800 அதற்குள் அடங்கிவிடுகிறது. உங்கள் பங்கு 1,560 வெள்ளி. இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் நிதிக்கு 12 வெள்ளி. 7,500 வெள்ளிக்குக் கீழே இருந்தவரை 9 வெள்ளிதான் பிடித்திருப்பார்கள். ஆக, கைக்கு வருவது 6,228 வெள்ளி. இப்போது 6,900 வாங்கும்போது கைக்கு வருவது 5,511. அதாவது 900 வெள்ளி உயர்வில் மாதம் 717 வெள்ளி கையில் நிற்கும். முதலாளி உங்கள் மசேநி கணக்கில் போடும் 1,326 வெள்ளி இதில் சேராது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் கடனை மசேநியிலிருந்து கட்டுகிறவர் என்றால் அதுவும் உங்கள் குடும்பப் பணம்தான்.

13வது மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. எழுதியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,01,400 வெள்ளி. மசேநிக் கழிவு 20,280, உழைப்பு வருமானக் கழிவு 1,000 போக, வரிக்கு உரியது 80,120. வரி 3,364 வெள்ளிக்குச் சற்றுக் குறைவாக வரும். பிள்ளை இருந்தால் அதற்கான கழிவுகளையும் பாருங்கள், இன்னும் குறையும்.

ஆக, பணம் மோசமில்லை. பெரிய உயர்வும் இல்லை. முடிவைச் சம்பளத்தை வைத்து எடுக்காதீர்கள், 'பருவத்துக்கு மூன்று பாடங்கள்' என்ற வரியை வைத்து எடுங்கள்.

'பாடம்' என்று கடிதத்தில் எழுதுவது ஒரு சொல், நடப்பில் பல பொருள். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் ஒரு வகுப்பு என்றால் நாற்பத்தைந்து பேர் அளவில் உட்கார்ந்து பேசும் மூன்று மணி நேரம். பெரிய பல்கலைக்கழகத்தின் முதலாண்டுப் புள்ளியியல் பாடம் என்றால் அரங்கம் நிறைய மாணவர், பிறகு டியூட்டோரியல் என்று ஆறு, ஏழு சிறு குழுக்கள். அந்தக் குழுக்களை நீங்களே நடத்த வேண்டுமானால் ஒரே பாடம் மூன்று பாடமாகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 மாணவர். பருவத்தில் இரண்டு ஒப்படைப்புகள். ஒவ்வொன்றையும் படித்து, எங்கே தப்பு என்று இரண்டு வரி எழுத பத்து நிமிடம். 3,600 நிமிடம், அதாவது 60 மணி நேரம். இது ஒரு பாடத்துக்குத் திருத்த மட்டும். தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங்கிலும் ஒரு பருவத்தில் 13 வாரம் வகுப்பு, நடுவில் ஒரு வாரம் இடைவெளி. அந்த இடைவெளி வாரத்தில் மாணவர்கள் பினாங்குக்குப் போவார்கள், நீங்கள் ஒப்படைப்புகளோடு வீட்டில் இருப்பீர்கள். சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம் (எஸ்ஐடி) போன்ற இடத்தில் ஆண்டுக்கு மூன்று பருவம். அங்கே மூச்சு விடும் மாதங்களும் குறையும்.

அதனால் துறைத் தலைவரிடம் கேளுங்கள்: மூன்று பாடம் என்றால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பில் நிற்க வேண்டும்? மூன்றும் வெவ்வேறு பாடங்களா, ஒரே பாடத்தின் மூன்று பிரிவுகளா? திருத்த உதவியாளர் உண்டா? முதல் பருவத்தில் ஒரு பாடத்தைக் குறைத்துத் தர முடியுமா? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். என் அனுபவத்தில் சம்பளத்தில் 200 வெள்ளி ஏற்றித் தருவதைவிட முதல் பருவத்தில் ஒரு பாடம் குறைத்துத் தருவது அவர்களுக்கு எளிது. உங்களுக்கும் அதுதான் லாபம். புதிதாக ஒரு பாடத்தைக் கட்டி எழுப்புவது முதல் தடவையில் உயிரை எடுக்கும் வேலை.

அப்புறம், அடுத்த ஒப்பந்தம். மூன்று ஆண்டு முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் அது வேலைநீக்கம் ஆகாது, ஒப்பந்தம் தானாகக் காலாவதியானதாகத்தான் கணக்கு. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, புதுப்பிப்பதா இல்லையா என்று எத்தனை மாதம் முன்பே சொல்வார்கள் என்பது. பருவம் முடியும் நேரத்தில் சொன்னால் வேறு இடம் தேட நாள் இருக்காது. குறைந்தது ஆறு மாதம் என்று எழுத்தில் வாங்கப் பாருங்கள். நீங்களாக விலக எத்தனை மாத நோட்டீஸ் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் திட்டங்கள் மாறும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். தேசியப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய யேல்-தேசியப் பல்கலைக்கழகக் கல்லூரியை முடிவுக்குக் கொண்டுவரும் அறிவிப்பு 2021 ஆகஸ்டில் வந்தது, 2025இல் கடைசி மாணவர்கள் பட்டம் வாங்கினார்கள்.

பதவி உயர்வுக்கும் புதுப்பிப்புக்கும் எதைப் பார்க்கிறார்கள் என்று என் சொந்தக் கதையிலிருந்தே சொல்கிறேன். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில், பெயர் வேண்டாம், மூன்றாம் ஆண்டில் புதுப்பிப்புக் குழுவின் முன் உட்கார்ந்தேன். மாணவர் மதிப்பீட்டில் நல்ல மதிப்பெண். டியூட்டோரியலை முழுக்க மாற்றி அமைத்தேன், பலவீனமான பிள்ளைகள் தேறினார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "மாற்றுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று காட்ட முடியுமா?" என்றார். பழைய கேள்வித்தாள் எங்கோ ஒரு கணினியில் இருந்தது. அந்தக் கணினி என்னிடம் இல்லை. கையில் ஒன்றும் இல்லாமல் முழித்தேன். மூன்று ஆண்டு கேட்ட இடத்தில் ஓராண்டு கொடுத்தார்கள். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் கேட்டது சரியான கேள்விதான்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை மதியம் கால்மணி நேரம் ஒதுக்கினேன். அந்த வாரம் வகுப்பில் எது ஓடவில்லை, எதை மாற்றினேன், எந்தக் கேள்விக்கு எத்தனை பேர் தவறாகப் பதில் எழுதினார்கள் என்று தேதி போட்டு நாலு வரி. பழைய தாளையும் புதிய தாளையும் சேர்த்து வைத்தேன். அடுத்த முறை அந்த நீல ஃபைலைத்தான் மேசையில் வைத்தேன். நீங்கள் புள்ளியியல் படித்தவர், உங்களுக்கு இது இன்னும் எளிது. மாணவர் மதிப்பீட்டை மட்டும் நம்பாதீர்கள். முப்பது பேரில் எட்டுப் பேர் நிரப்பிய படிவத்தின் சராசரி எவ்வளவு ஆடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் ஆண்டிலேயே மூத்தவர் ஒருவரை உங்கள் வகுப்புக்கு வந்து உட்கார்ந்து பார்க்கச் சொல்லி, அவர் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். பிரிட்டனின் அட்வான்ஸ் எச்இ அமைப்பு உயர்கல்வி ஆசிரியர்களுக்குத் தரும் ஃபெல்லோ அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கவும் இதே ஆவணங்கள் பயன்படும். வெளிநாட்டில் வேலை தேடினாலும் அந்தப் பெயரை அடையாளம் தெரிந்துகொள்வார்கள்.

மேல்படிக்குப் போக, உங்கள் வகுப்பு நன்றாக இருந்தால் மட்டும் போதாது. உங்களால் மற்றவர் வகுப்பும் மேம்பட்டதா என்று பார்ப்பார்கள். நீங்கள் எழுதிய பயிற்சிகளை வேறு ஆசிரியர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்களா, கற்பித்தல் பற்றி ஏதாவது ஆய்வு செய்து வெளியிட்டிருக்கிறீர்களா என்பதெல்லாம் அதில் வரும். ஆராய்ச்சியை விட்டுவிட்டோமே என்ற ஏக்கம் உங்களுக்கு வரலாம். ஆராய்ச்சி முழுக்கப் போய்விடாது, மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது உங்கள் தரவாக மாறும். ஆனால் முழுநேர ஆய்வுத் தடத்துக்கு ஐந்தாறு ஆண்டு கழித்துத் திரும்புவது கடினம் என்பதையும் மறைக்க மாட்டேன். இடையில் கட்டுரைகள் நின்றுபோனால் அந்தக் கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும். அந்த ஆசை இன்னும் பலமாக இருந்தால் இந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.

பாலிடெக்னிக்கில் வேலை கிடைத்தால் போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல வேலைதான், வகுப்பு நேரம் பொதுவாகக் கூடுதல். ஒரு வித்தியாசம்: பாலிடெக்னிக்குகள் ஆணைபெற்ற கழகங்கள், அதாவது சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசு அமைப்புகள் என்பதால் வேலை நியமனச் சட்டம் அவர்களின் ஊழியர்களுக்குப் பொருந்தாது, தனி விதிகள் உண்டு. பகுதிநேரமாக மாலை வகுப்பு எடுப்பதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த வேண்டாம் என்பேன். பாடத்துக்கு இவ்வளவு என்று பணம் வரும், விடுமுறை மாதத்தில் வராது. ஊழியராக இல்லாமல் சேவை ஒப்பந்தத்தில் எடுத்தால் முதலாளியின் 17 சதவீதமும் கிடையாது.

நீங்கள் கொடுத்த விவரங்களை வைத்துப் பார்த்தால், வகுப்பறையில் நிற்பது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் நான் சேரச் சொல்வேன், மேலே சொன்னவற்றுக்கு எழுத்தில் பதில் வந்த பிறகு. வெள்ளிக்கிழமைக் கெடுவைப் பார்த்துப் பதற வேண்டாம். 'இந்த வாய்ப்பில் எனக்கு மிகுந்த ஆர்வம் இருக்கிறது. பணிச்சுமை பற்றியும் ஒப்பந்தப் புதுப்பிப்பு பற்றியும் சில விவரங்கள் தெரிந்ததும் உறுதி செய்கிறேன், ஒரு வாரம் அவகாசம் தர முடியுமா' என்று துறைத் தலைவருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். தேர்வு செய்து முடித்தவரை ஒரு வாரத்துக்காக விட்டுவிட மாட்டார்கள். அந்த மின்னஞ்சலுக்கு எப்படிப் பதில் வருகிறது என்பதையும் கவனியுங்கள். கேள்விக்கு எண்ணோடு பதில் வந்தால் நல்ல துறை. 'வந்து சேருங்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்று வந்தால் தொலைபேசியில் கூப்பிட்டு இன்னொரு முறை கேளுங்கள்.