மணிக்கட்டை அழுத்தினால் ஓங்காளம் குறையுமா?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. இடப்பக்க மார்பில் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து இப்போது தெல்லிப்பழையில் மருந்து ஏற்றுகிறோம். ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால் நாலைந்து நாளைக்கு ஒரே ஓங்காளம், சோற்று மணமே பிடிக்காது. மணிக்கட்டில் ஓரிடத்தை அழுத்தினால் சத்தி நிற்கும், குளிசை தேவையில்லை என்று மாமி சொல்கிறா. உண்மையா டொக்டர்?
வாசகி, கிளிநொச்சி

பதில்: மாமி சொன்னதில் பாதி சரி, பிள்ளை. தாராளமாக அழுத்திப் பாருங்கள். குளிசையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அம்மா வலக்கையை உள்ளங்கை மேலே தெரிய மடியில் வைக்கட்டும். மணிக்கட்டு மடிப்பை ஒட்டி, முழங்கைப் பக்கமாக, தன்னுடைய இடக்கை மூன்று விரல்களைக் குறுக்கே வைக்கச் சொல்லுங்கள். மோதிரவிரல் மடிப்பில் படவேண்டும். சுட்டுவிரல் முடிகிற இடத்தில், நடுவே இரண்டு தசைநாண்கள் கயிறுபோல ஓடும். கையைப் பொத்தினால் எழும்பித் தெரியும். அவற்றுக்கு இடையிலுள்ள பள்ளம்தான் அந்த இடம். பெருவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்தலாம். நோகக்கூடாது, ஆனால் அழுத்துவது தெரியவேண்டும். விடிய பஸ் ஏறினதுமே தொடங்குங்கள். ஓங்காளம் முற்றிய பிறகு அடக்குவது கஷ்டம்.

இடக்கையில் வேண்டாம். அந்தப் பக்கத்து அக்குள் நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருந்தால் கை வீங்கும் ஆபத்து இருக்கிறது. அப்போது மருந்தேற்றும் ஊசி பெரும்பாலும் வலக்கையில்தான் இருக்கும். அதைக் கழற்றும்வரை அங்கேயும் கைவைக்காதீர்கள். இரத்தத்தில் பிளேட்லெட் குறைந்திருக்கிறது என்று சொல்லியிருந்தால், அல்லது தொட்ட இடம் கன்றிப்போனால், அழுத்துவதை விட்டுவிடுங்கள்.

பலன் எவ்வளவு? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் தொகுப்பு ஒன்று 2006இல் வந்தது. மருந்தேற்றிய அன்று ஓங்காளத்தின் கடுமை கொஞ்சம் குறைந்தது, சத்தி குறையவில்லை என்றது. பிறகு பிரித்தானியாவில் 500 பேரை வைத்து, இதே இடத்தை அழுத்தும் மணிக்கட்டுப் பட்டியைச் சோதித்தார்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இதைத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காசு செலவில்லை, அம்மாவே தன் கையால் செய்துகொள்ளலாம். எனக்கு இதில் பிடித்தது அதுதான்.

உண்மையில் சத்தியைத் தடுப்பவை ஒன்டன்செட்ரோன், டெக்சாமெதசோன் போன்ற மருந்துகள். நம் சனம் சத்தி வந்தால்தான் குளிசை என்று வைத்திருப்பார்கள். அப்படியல்ல, சுகமாக இருந்தாலும் எழுதித் தந்த நேரத்துக்கு, தந்த நாள்வரை போடவேண்டும். அப்படிப் போட்டும் நாலைந்து நாள் ஓங்காளம் என்றால், அடுத்த முறை ஏற்றுமுன் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தை மாற்றித் தருவார்கள். “இதெல்லாம் தாங்கத்தானே வேணும்” என்று அம்மா பேசாமல் இருந்துவிடுவா, நீங்கள் சொல்லுங்கள்.

சோற்று மணம் பிடிக்காவிட்டால் ஆறின கஞ்சி, கிறீம் கிறாக்கர், இஞ்சி போட்ட பிளேன்டீ, எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

ஒருநாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டாலோ கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இரவென்றாலும் கிளினிக் கொப்பியோடு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருந்தேற்றுகிற ஆள் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.