முட்டையிடாத பெட்டையும் தோல்முட்டையும்: பழனிமலைக் கோழி வளர்ப்போரின் கேள்விகளுக்குப் பதில்

மழை ஓய்ந்து மூடுபனி இறங்கியதிலிருந்து பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறைப் பக்கமிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: கோழி நன்றாக இருக்கிறது, முட்டைதான் சரியில்லை. கால்நடை மருத்துவராக இந்த மலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், முட்டைக்கோழியின் சினைப்பையையும் (மஞ்சள் கரு திரளும் இடம்) கருமுட்டைக் குழாயையும் (அந்தக் கரு முட்டையாகி வெளிவரும் வழி) தாக்கும் வைரஸ் நோய்களைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாண்டிக்குடி: ஐயா, ஒரு நாள் குஞ்சாக 60 வாங்கி வளர்த்தேன். இப்போது 28 வாரம். கொண்டை சிவந்துவிட்டது, முட்டைப் பெட்டியில் போய் உட்காரவும் செய்கின்றன. ஆனால் பாதிக் கோழிகள் முட்டையே இடுவதில்லை. சில கோழிகள் பின்பக்கம் தொங்க நிமிர்ந்து நடக்கின்றன. சுண்ணாம்புச் சத்து டானிக் கொடுத்தும் பயனில்லை.

தம்பி, டானிக்கை நிறுத்திவிடுங்கள். நிமிர்ந்து நடக்கும் கோழி ஒன்றைப் பிடித்து, அடிவயிற்றை உள்ளங்கையில் மெதுவாகத் தாங்கிப் பாருங்கள். தண்ணீர் நிரம்பிய பலூன் போலத் தளும்பினால் விஷயம் தெரிந்துவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு கொட்டிலுக்கு நானும் மூன்று வாரம் தாதுஉப்பும் வைட்டமினும் எழுதிக் கொடுத்தேன். கடைசியில் செத்த ஒரு பெட்டையை அறுத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. சினைப்பையில் மஞ்சள் கருக்கள் சிறிதும் பெரிதுமாகக் கொத்தாகத் திரண்டிருந்தன; அந்தப் பக்கம் ஒரு குறையும் இல்லை. கருமுட்டைக் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய தோலுடன் ஒரு நீர்ப்பை. கத்தி பட்டதும் தெளிந்த நீர் மேசை முழுவதும் ஓடியது. குழாயின் மேல்முனையும் கீழ்முனையும் ஒன்றோடொன்று சேராமல் நடுவில் அடைபட்டிருந்தன. அந்தக் கோழிக்கு முட்டையிட வழியே இல்லை. அந்த மூன்று வாரச் செலவு அந்த வீட்டுக்கு வீண் செலவு. இன்றும் அது என் மனதை உறுத்துகிறது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் தொற்று மூச்சுக்குழல் அழற்சி வைரஸ். முதன்முதலில் 1931இல் அமெரிக்காவின் வட டகோட்டாவில் பதிவான நோய் இது. பெரிய கோழிக்கு வந்தால் சளி, தும்மல், முட்டைக் குறைவு என்று போய்விடும். குஞ்சு பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் வந்தால், அப்போதுதான் வளரத் தொடங்கியிருக்கும் கருமுட்டைக் குழாயை நிரந்தரமாகச் சிதைத்துவிடும். குஞ்சு இரண்டு நாள் தும்மும், பிறகு தேறிவிடும், நாமும் மறந்துவிடுவோம். ஐந்து மாதம் தீவனம் போட்ட பிறகுதான் நட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. சினைப்பை சரியாக வேலை செய்வதால் கொண்டை சிவக்கிறது, பெட்டிக்கும் போகிறது. மஞ்சள் கரு மட்டும் குழாய்க்குள் போக முடியாமல் வயிற்றுக்குள் விழுகிறது. இந்தக் கோழிகளை எந்த மருந்தும் மீட்காது. தீவனத்தை வீணாக்காமல் கழித்துவிடுங்கள். அடுத்த தொகுதிக் குஞ்சுகளை வாங்கும்போது, இந்த நோய்க்குத் தடுப்பூசி எந்த நாளில் போட்டார்கள் என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். முதல் மூன்று வாரம் பெரிய கோழிகள் பக்கம் விடாதீர்கள். வேலைக்குப் போகும்போது முதலில் குஞ்சுக்கொட்டில், பிறகு பெரியவை.

பண்ணைக்காடு: என் பழுப்பு முட்டைக் கோழிகள் வெளுத்த முட்டையிட்டன. ஒரு வாரத்தில் தோல்முட்டையாகிவிட்டது. ஆனால் தீனி நன்றாகத் தின்கின்றன, ஒன்றும் சாகவில்லை. கிளிஞ்சல் போதவில்லையோ?

கிளிஞ்சல் குறை என்றால், வைத்த சில நாட்களில் ஓடு தேறத் தொடங்கும். அதை முதலில் செய்து பாருங்கள், செலவு குறைவு. தேறவில்லை என்றால் 'முட்டை வீழ்ச்சி நோய் 76' என்று நாங்கள் சொல்வதைச் சந்தேகிக்க வேண்டும். 1976இல் நெதர்லாந்திலிருந்து முதலில் விவரிக்கப்பட்டதால் அந்த எண்.

ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு உருவாகும் பையில்தான் கழிகிறது. பழுப்பு நிறம் ஏறுவது கடைசிச் சில மணி நேரத்தில். இந்த வைரஸ் குடியேறிப் பெருகுவது சரியாக அந்தப் பையின் உட்சவ்வில். அதனால்தான் நிறம் முதலில் போகிறது, பிறகு ஓடு மெலிகிறது, பிறகு ஓடே இல்லாமல் தோலோடு விழுகிறது. தோல்முட்டையைக் கோழிகளே தின்றுவிடுவதும் உண்டு. அதிகாலையில் கூளத்தைக் கிளறிப் பார்த்தால்தான் மிச்சம் தெரியும்.

ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் வீட்டில் வாத்து இருக்கிறதா? இது அடிப்படையில் வாத்துகளின் வைரஸ். வாத்துக்கு ஒன்றும் செய்யாது, கோழிக்கு வந்தால் இப்படி. வாத்தும் கோழியும் ஒரே தண்ணீரைக் குடிக்கக் கூடாது. அடுத்த சந்தேகம் முட்டை அட்டை. கீழேயிருந்து வத்தலக்குண்டு வழியாக ஏறி வரும் அட்டைகள் கடை கடையாகச் சுற்றி, கடைசியில் நம் கொட்டிலுக்குள் வந்து நிற்கின்றன. எச்சமும் உடைந்த முட்டையும் ஒட்டிய அட்டையில் இந்த வைரஸ் பயணம் செய்யும். கழுவ முடிகிற பிளாஸ்டிக் தட்டுகளை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த நோய் பொதுவாக 4 முதல் 10 வாரம் இருந்துவிட்டுப் போகும். அடுத்த தொகுதிக்கு 14 முதல் 16 வார வயதுக்குள், அதாவது முதல் முட்டைக்கு முன்பே, வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள். தாயிடமிருந்து முட்டை வழியாகவும் இது குஞ்சுக்கு வரும். பருவம் வரும்வரை உள்ளே உறங்கிக் கிடக்கும். வாங்கும் இடம் முக்கியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

கூக்கால்: முட்டையை உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடுகிறது. ஓடு சுருங்கி வரிவரியாக இருக்கிறது. இது கோழிக் கொரோனா என்று ஒருவர் சொன்னார். சாப்பிடலாமா?

சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. முதல் கேள்வியில் சொன்ன மூச்சுக்குழல் அழற்சி வைரஸ், கொரோனா குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அது காமா என்ற தனிப் பிரிவு; மனிதருக்கு வந்த கொரோனா பீட்டா பிரிவு. கோழியுடையது மனிதரைத் தாக்குவதில்லை. 2020 தொடக்கத்தில் கோழி தின்றால் கொரோனா வரும் என்ற வதந்தியால் கறி விலையும் முட்டை விலையும் சரிந்து எத்தனை குடும்பங்கள் கடனில் விழுந்தன! தயவுசெய்து அந்தப் பேச்சை யாரிடமும் பரப்பாதீர்கள். உடையாத முட்டையை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம்.

நல்ல முட்டையைத் தட்டில் உடைத்தால் மஞ்சள் கருவைச் சுற்றிக் கெட்டியான வெள்ளைக்கரு மேடாக நிற்கும். வைரஸ் குழாயின் நடுப்பகுதிச் சுரப்பிகளைக் கெடுத்ததால் உங்கள் முட்டையில் அந்த மேடு இல்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் முட்டை எண்ணிக்கை ஏறும். பழைய அளவுக்கு முழுவதும் திரும்பாத கோழிகளும் இருக்கும்.

உங்கள் ஊர்க் குளிரில் இன்னொன்றையும் கவனியுங்கள். பனிக்குப் பயந்து கொட்டிலின் நாலு பக்கமும் சாக்குக் கட்டி அடைத்துவிடுகிறோம். உள்ளே நுழைந்தால் அமோனியா நெடி கண்ணைக் கரிக்கிறது. அந்த நெடி மூச்சுக்குழலின் காப்புச் சவ்வை அரித்துவிடுகிறது. வைரஸுக்கு வாசல் திறந்துவிட்டதுபோல் ஆகிறது. கோழி உட்காரும் உயரம்வரை சாக்கு இருக்கட்டும், கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்திருக்கட்டும்.

பூம்பாறை: நாட்டுக்கோழிகள் வெள்ளைக்கழிச்சலில் பாதிக்கு மேல் போய்விட்டன. பிழைத்த ஐந்து பெட்டைகளில் இரண்டு கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கின்றன. மற்றவை இனி முட்டையிடுமா?

அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. கழுத்து திருகியவை தேறுவது கடினம். மற்ற மூன்றும் சில வாரங்களில் முட்டைக்கு வரலாம், முதலில் ஓடு மெலிந்த வெளுத்த முட்டைகளாக. இந்த நோயில் சினைப்பையின் கருக்கள் இரத்தம் கட்டித் தளர்ந்து, உடைந்து வயிற்றுக்குள் சிந்திவிடும். அதில் கிருமி சேர்ந்தால் வயிறு வீங்கிச் சாகும். எனவே வயிறு பெருக்கும் கோழியை வைத்திருக்க வேண்டாம்.

ராணிக்கெட் என்று இதற்குப் பெயர் வந்ததும் ஒரு மலையூரால்தான். 1927இல் இமயமலைச் சரிவில் உள்ள ராணிக்கேத்தில் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது. பிப்ரவரி மாதம் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள். செத்த கோழிகளை ஓடையில் வீசாமல், சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். ஓடை கீழே இன்னொருவர் வீட்டுக் கோழிக்குக் குடிநீர்.

பெருமாள்மலை: கழிச்சலுக்கு ஊசி போட்ட பிறகு முட்டை குறைந்துவிட்டது. ஊசிதான் காரணமா?

ஆம், ஆர்2பி ஊசியாக இருந்தால். இமயமலை முக்தேஸ்வரில் உருவான அந்தத் தடுப்பூசி வலுவானது. எட்டு வார வயதில் போட வேண்டியது. முட்டையிடும் கோழிக்குப் போட்டால் குறைவு வரும். முட்டையிடும் கோழிக்கு லசோட்டா போன்ற மிதமானதைக் கேளுங்கள்.

வில்பட்டி: அடை வைத்த முட்டையில் பொரித்த குஞ்சுகள் நடுங்குகின்றன. தாய்க்கு ஒரு குறையும் இல்லை.

குஞ்சைக் கையில் ஏந்தினால் விரலுக்கு அந்த அதிர்வு தெரியும். கோழி மூளைத்தண்டுவட அழற்சி என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். தாய்க்கு நோய் வந்தபோது முட்டை 5 முதல் 10 சதவீதம் குறைந்து இரண்டு வாரத்தில் சரியாகியிருக்கும். ஓட்டில் மாற்றம் இராது, அதனால் கவனித்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் இட்ட முட்டையின் குஞ்சுகளுக்குத்தான் இந்த நடுக்கம். இனி ஒரு மாதத்துக்கு அந்தக் கோழிகளின் முட்டையை அடை வைக்காமல் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மன்னவனூர்: மார்கழியில் எல்லாக் கோழியும் ஒன்றாகக் குறைத்துவிட்டன. முட்டை தரமாக இருக்கிறது. இதுவும் வைரஸா?

ஓடும் நிறமும் வெள்ளைக்கருவும் சரி என்றால் முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். மார்கழியில் நம் பகல் 12 மணி நேரத்துக்கும் குறைவு, அதிலும் பனிமூட்டம். முட்டைக்கோழிக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். விடியுமுன் ஒரு விளக்கு போதும்.

தாண்டிக்குடி (முதல் கேள்வி கேட்டவர்): ஐயா, வயிறு தளும்புகிறது. இன்று ஒன்று செத்துவிட்டது. பரிசோதனைக்கு எப்படி அனுப்புவது?

இரண்டு பிளாஸ்டிக் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, பனிக்கட்டி நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். உறைபெட்டியில் வைத்து உறைய விடாதீர்கள், திசுக்கள் சிதைந்துவிடும். குஞ்சு வாங்கிய தேதி, போட்ட தடுப்பூசிகள், எந்த வாரத்தில் தும்மல் இருந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, ஈரம் படாமல் பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள். அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் காலையிலேயே கொடுத்துவிடுங்கள். இறந்து சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் குழாயைத் தெளிவாகப் பார்க்க முடியும்.