கிரெய்ன் அளவு, வலிமை, நீட்சி: கேள்வி பதில்

கே: கிரெய்ன் சிறிதானால் உலோகம் ஏன் வலுவாகிறது சார்?

ப: உலோகம் என்பது கிரெய்ன் எனப்படும் குட்டிப் படிகங்கள் ஒட்டிச் சேர்ந்தது. அது நிரந்தரமாக வளைவது, படிகத்துக்குள் டிஸ்லொகேஷன் என்ற கோட்டுப் பிழைகள் நகர்வதால்தான். பக்கத்து கிரெய்னில் அணு அடுக்குகளின் திசை வேறு. அதனால் டிஸ்லொகேஷன்கள் கிரெய்ன் எல்லையில் முட்டி ஒன்றன்பின் ஒன்றாகக் குவியும். பெரிய கிரெய்னில் நீண்ட வரிசை சேர்ந்து, அதன் அழுத்தமே அடுத்த கிரெய்னிலும் நகர்வைத் தொடங்கிவிடும். சிறியதில் வரிசை குட்டை. வெளியிலிருந்து அதிக விசை கொடுக்க வேண்டும். 1951இல் ஹால், 1953இல் பெட்ச் என்ற ஆய்வாளர்கள் சொன்னது இதைத்தான். விட்டம் கால்பங்காகக் குறைந்தால் எல்லைகள் தரும் கூடுதல் வலிமை இரட்டிப்பாகும். மொத்த வலிமை அல்ல, கவனம்.

கே: அப்படியானால் டர்பைன் பிளேடுக்கும் நுண் கிரெய்ன்தானே?

ப: இல்லை. வெப்பநிலையைப் பார்க்காமல் கிரெய்ன் அளவை முடிவு செய்யாதீர்கள். கடும் சூட்டில் எல்லைகள் வழியே அணுக்கள் ஊரும், கிரெய்ன்கள் சறுக்கும். அதனால்தான் ஜெட் என்ஜினின் நிக்கல் சூப்பர் அலாய் (கடும் சூடு தாங்கும் உலோகக் கலவை) பிளேடை எல்லையே இல்லாத ஒற்றைப் படிகமாக வார்க்கிறார்கள்.

கே: நானோ கிரெய்ன் (நானோமீட்டர் அளவுக் கிரெய்ன்) செம்பு வலுவாக இருந்தும் ஏன் சீக்கிரம் அறுகிறது?

ப: அருமையான கேள்வி. இழுக்கும்போது ஓரிடம் மெலிந்தால், அந்த இடம் இறுகித் தாக்குப்பிடிக்க வேண்டும். டிஸ்லொகேஷன்கள் உள்ளே சிக்கித் தங்கினால்தான் அப்படி இறுகும். நானோ கிரெய்னில் தங்க இடமில்லை, எல்லையே அவற்றை விழுங்கிவிடும். மெலிந்த இடம் மேலும் மெலிந்து அறும். 2002இல் செம்பைத் திரவ நைட்ரஜன் குளிரில் உருட்டி, கொஞ்ச நேரம் சூடேற்றி, நுண் கிரெய்ன்களுக்கு நடுவே சில பெரியவற்றையும் வளரவிட்டார்கள். வலிமை பெரிதாகக் குறையாமல் நீட்சி திரும்பியது.

கே: பாய்லர் குழாய்க்கு நுண் கிரெய்ன் போடலாமா?

ப: வெப்பநிலை! மேலே பிளேடு பதிலைப் படியுங்கள்.

கே: வீட்டுக்கு எந்த டிஎம்டி கம்பி வாங்கலாம்?

ப: உங்கள் கட்டடப் பொறியாளரிடம் கேளுங்கள்.

கே: கிரெய்ன் சுமார் 10 நானோமீட்டருக்குக் கீழே போனால் வலிமை குறையும் என்பது மாதிரித் துண்டில் இருந்த நுண்துளைகளின் வேலை. ஒப்புக்கொள்கிறீர்களா?

ப: பாதி. 1989இல் செம்பிலும் பல்லேடியத்திலும் அதைக் கண்டபோது பொடியை அழுத்திச் செய்த துண்டுகள்தான் கையில் இருந்தன. ஆனால் துளையே இல்லாத 1998 கணினிச் சோதனையிலும் செம்பு மென்மையானது.

கே: (அவரே) கணினியில் இழுக்கும் வேகம் நிஜத்தைவிடப் பல கோடி மடங்கு. அதை நம்புவதா?

ப: நியாயமான ஆட்சேபம். அதனால் 2017 நிக்கல்-மாலிப்டினம் ஆய்வைப் பாருங்கள். மின்முலாம் முறையில் படியவைத்த உலோகம், 10 நானோமீட்டருக்கும் குறைந்த கிரெய்ன், மென்மையானது. அதையே சூடேற்றி எல்லைகளை அமைதிப்படுத்தியதும் கடினம் ஏறியது. நுண்துளை மட்டும் காரணமென்றால் இந்த மாற்றத்தை விளக்குவது கடினம். எல்லை எவ்வளவு நிலையாக நிற்கிறது என்பதுதான் கேள்வி.

கே: நானும் அவர் பக்கம் சார். எக்ஸாஸ்ட் குழாய்க்கும் நுண் கிரெய்ன் நல்லதுதானே?

ப: வாதத்துக்கு வாருங்கள், நல்லது. குழாய்க்கு முதலில் வெப்பநிலையைச் சொல்லுங்கள்.