படகு இழுக்க எந்த ஜீப்? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி (முல்லைத்தீவு): வணக்கம் அண்ணை. என்னிடம் 19 அடி ஃபைபர் போட் ஒன்றும் 25 குதிரைவலு எஞ்சினும் இருக்கின்றன. பருவத்துக்குத் தக்கபடி நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் கொண்டுபோவேன், சில வேளை மன்னாருக்கும். இவ்வளவு நாளும் லொறி பிடித்துத்தான் ஏற்றினோம், கூலி கட்டுப்படியாகவில்லை. ட்ரெய்லர் ஒன்று செய்வித்து, அதை இழுக்க ஒரு ஜீப் எடுக்கலாம் என்று யோசிக்கிறேன். வீட்டில் ஆறு பேர், கோயில் குளம் போகவும் அதுதான். பார்த்து வைத்திருப்பவை: 2016 வெசல் ஹைபிரிட், ஒரு ஜிம்னி, 2016 மொன்டெரோ ஸ்போர்ட், ஒரு பழைய பிராடோ. மச்சான் "சீசீ (எஞ்சின் கொள்ளளவு) கூடினதை எடு, மற்றதெல்லாம் பிறகு" என்கிறார். எதை எடுக்கலாம்?

பதில்: மச்சான் சொல்வது நுவரெலியாவில் இருப்பவருக்குப் பொருந்தும். வன்னியில் ஏற்றம் எங்கே இருக்கிறது? மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை ஓடினாலும் எஞ்சின் மூச்சு வாங்குகிற மாதிரி ஓர் இடம் வராது. சமதரையில் ஒரு தொன்னை உருட்டச் சின்னக் காராலும் முடியும். அதை நிறுத்துவதுதான் பாடு. இரவில் நம் றோட்டுகளில் மாடு படுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். வெளிச்சத்தில் கண்டு பிறேக்கை மிதிக்கும்போது பின்னால் ஒரு தொன் தள்ளிக்கொண்டு வந்தால், ஜீப்பின் நிறையும் பிறேக்கும்தான் உங்களைக் காப்பாற்றும், சீசீ அல்ல.

அதனால் வாகனத்தைப் பார்க்க முதல் சுமையை நிறுங்கள். வெறும் போட்டின் நிறையைச் சொல்லிப் பலர் ஏமாந்துபோகிறார்கள். உங்கள் அளவு போட் 400 கிலோ அளவில் வரலாம். எஞ்சின் ஒரு 50 கிலோ. அப்புறம் பெற்றோல் கான், நங்கூரம், ஐஸ் பெட்டி, வலை. நனைந்த வலையின் பாரம் தூக்கிய உங்களுக்குத் தெரியும். ட்ரெய்லர் மட்டுமே 250, 300 கிலோ இருக்கும். எல்லாம் கூட்டினால் ஒரு தொன்னைத் தொட்டுவிடும். போட்டை எதிலாவது ஏற்றியிருக்கும்போது, நெல் ஆலையில் லொறி நிறுக்கும் தராசில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். ஏற்றியும் இறக்கியும் நிறுத்தால் வித்தியாசம்தான் உங்கள் சுமை. அந்தத் தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வாகனம் பார்க்கப் போங்கள்.

வாகனத்தின் கைநூலில் இழுவைக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று பிறேக் உள்ள ட்ரெய்லருக்கு, மற்றது பிறேக் இல்லாததற்கு. விற்பவர் எப்போதும் முதல் எண்ணைத்தான் சொல்வார். நம் ஊர் வெல்டிங் கடையில் செய்யும் ட்ரெய்லர்களில் பெரும்பாலும் பிறேக் இருக்காது. ஆகவே உங்களுக்கு உரியது இரண்டாவது எண். எவ்வளவு பெரிய ஜீப்பானாலும் அந்த எண் வழக்கமாக 750 கிலோவைத் தாண்டாது. உங்கள் சுமை ஒரு தொன். ஆக, நாலில் எதை எடுத்தாலும் ட்ரெய்லருக்குப் பிறேக் போட்டே ஆகவேண்டும். ட்ரெய்லர் முன்னால் தள்ளும்போது தானே இறுகுகிற தள்ளுபிறேக் உங்கள் அளவுக்குப் போதும், ஜீப்பில் வயர் வேலையும் இராது. இந்தச் செலவில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம். ஆறு பேர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெசலில் ஐந்து இருக்கை, ஜிம்னியில் நாலு. இரண்டையும் அந்த இடத்திலேயே அடித்துவிடலாம். ஆனால் வேறு வாசகர்களும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். அந்தக் கால வெசல் ஹைபிரிட்டில் இருப்பது இரட்டைக் கிளச் கியர்பெட்டி. பாரத்தோடு மெல்ல மெல்ல ஊர்ந்தால் அந்தக் கிளச் சூடேறும், நீங்கள் மணலோரத்தில் செய்யப்போவது அதைத்தான். ஜிம்னி மணலில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறும், எனக்குப் பிடித்த வண்டி. ஆனால் அதன் சொந்த நிறையே 1.1 தொன் அளவுதான், முன் பின் சில்லுகளுக்கு இடையிலான தூரமும் குறைவு. அவுஸ்திரேலியாவில் விற்கும் மூன்று கதவு ஜிம்னிக்குப் பிறேக் உள்ள ட்ரெய்லர் 1300 கிலோ, பிறேக் இல்லாதது 350 கிலோ என்று கொடுத்திருக்கிறார்கள். தன் நிறைக்குச் சமமான போட் பின்னால் ஆடத் தொடங்கினால் ஜிம்னியும் சேர்ந்து ஆடும்.

மிஞ்சுவது மொன்டெரோ ஸ்போர்ட்டும் பிராடோவும். இரண்டும் தனிச் சட்டகத்தின்மேல் உடலை வைத்துக் கட்டியவை, இரண்டிலும் ஏழு இருக்கை உள்ளவை கிடைக்கும், நிறை இரண்டு தொன்னைச் சுற்றி. அவுஸ்திரேலியக் கணக்கில் 2015க்குப் பின் வந்த மொன்டெரோ ஸ்போர்ட்டுக்கு (அங்கே பஜெரோ ஸ்போர்ட் என்று பெயர்) பிறேக் உள்ள ட்ரெய்லர் 3100 கிலோ. 150 வரிசை டீசல் பிராடோவுக்குக் கடைசிக் காலத்தில் 3000 கிலோ. ஒரே மொடலுக்கு நாட்டுக்கு நாடு எண் மாறும். எனவே வாங்கப்போகும் வண்டியின் கைநூலையோ கதவுத் தூணில் ஒட்டிய தகட்டையோ பார்த்தே முடிவெடுங்கள். எப்படிப் பார்த்தாலும் உங்கள் ஒரு தொன் இவற்றுக்குப் பெரிய பாரம் இல்லை.

இரண்டில் எது என்றால், மொன்டெரோ ஸ்போர்ட்டைத்தான் சொல்வேன். பிராடோ நல்ல வண்டி, அதில் சண்டையில்லை. ஆனால் அந்தப் பெயருக்காகவே இங்கே விலை ஏறி நிற்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது என்றாலும், வரியையும் சேர்த்தால் புதிய டீசல் ஜீப் நம்மில் பலருக்கு எட்டாது. அதனால் பழையதற்கு இன்னும் மவுசு குறையவில்லை. அதே காசுக்கு வயது குறைந்த மொன்டெரோ ஸ்போர்ட் கிடைத்தால், மிச்சத்தில் ட்ரெய்லரையும் ஒழுங்காகச் செய்விக்கலாம். ஒரு நிபந்தனை: நாலு சில்லும் இழுக்கும், லோ கியர் (மெல்ல, ஆனால் பலமாக இழுக்க உதவும் கியர்) உள்ள வண்டியாக இருக்கவேண்டும். வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரி இருந்துகொண்டு இரண்டு சில்லு மட்டும் இழுப்பவையும் உண்டு. விற்பவரின் வாயை நம்பாமல், மணல் தரையில் லோ கியரைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

பார்க்கப் போகும்போது பாயோ சாக்கோ ஒன்று கொண்டுபோய் விரித்து, வண்டிக்குக் கீழே படுங்கள். கரையோரத்தில் ஓடிய வண்டியின் சட்டகம் உட்பக்கமாக இத்துப்போயிருக்கும், மேலே கறுப்புப் பெயின்ற் பளபளக்கும். திருப்புளியின் பிடியால் தட்டினால் சத்தமே சொல்லும். முன்பு இழுவைக் கொக்கி பூட்டியிருந்த அடையாளம் தெரிந்தால் கியர்பெட்டி எண்ணெயை எடுத்து மணந்து பாருங்கள். கருகிய வாடை அடித்தால் விலை பேசாமல் திரும்பி வாருங்கள். தொண்டு நிறுவனங்களிடம் ஓடிவிட்டு வெளியே வந்த வண்டிகள் வன்னியில் நிறைய. அவை கிறவல் றோட்டில் அடிபட்டவை, ஆனால் சேர்விஸ் பதிவு வைத்திருப்பார்கள். ஓடிய மீற்றர் குறைவாகக் காட்டும் பதிவில்லாத வண்டியைவிட, மீற்றர் கூடிய பதிவுள்ள வண்டி மேல்.

கடைசியாக, பாரத்தை எங்கே வைப்பது என்பது. ட்ரெய்லரின் கழுத்து ஜீப்பின் பந்தை (ட்ரெய்லரைக் கொளுவும் இரும்புக் குமிழை) அழுத்தும் பாரம், மொத்தச் சுமையில் நூற்றுக்கு 7 முதல் 10 வரை இருக்கவேண்டும். உங்களுக்கு 70 முதல் 100 கிலோ. ஆள் நிறுக்கும் தராசின்மேல் கட்டையொன்றை நிறுத்தி, கழுத்தை அதில் வைத்தாலே எண் தெரிந்துவிடும். போட்டில் எஞ்சின் பின்னால் தொங்குவதால் கழுத்து இலேசாகத்தான் வரும். கழுத்து இலேசானால் வேகம் எடுக்கும்போது ட்ரெய்லர் இடம் வலமாக அடிக்கத் தொடங்கும். பெற்றோல் கானையும் வலையையும் முன்னுக்குத் தள்ளுங்கள், போதாவிட்டால் போட்டையே ஓர் அடி முன்னுக்கு இழுத்துக் கட்டுங்கள். அப்படியும் ஓடும்போது ஆட்டம் வந்தால் பிறேக்கை ஓங்கி மிதிக்கவோ ஸ்ரியரிங்கோடு மல்லுக்கட்டவோ வேண்டாம். காலை எடுத்து, நேரே பிடித்து, வேகம் தானாக விழ விடுங்கள்.

கேள்வி (கிளிநொச்சி): கூலிக்கு உழ நாலு சில்லு ட்ராக்டர் வைத்திருக்கிறேன். இரணைமடுப் பக்கம் வேலை முடிந்ததும் முருங்கனுக்குக் கொண்டுபோகவேண்டும். ஓட்டிக்கொண்டு போனால் ஒரு நாள் போய்விடுகிறது. ட்ரெய்லரோடு சேர்த்து 3 தொன் அளவில் வரும். ஹைலக்ஸ் டபுள் கேப் 3500 கிலோ இழுக்கும் என்கிறார்கள். ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகலாமா?

பதில்: 3500 என்பது பொய்யில்லை. 2020க்குப் பிந்திய நாலு சில்லு டீசல் ஹைலக்ஸுக்கு அவுஸ்திரேலியாவில் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதே கைநூலில் இன்னோர் எண் இருக்கிறது, அதை யாரும் வாயால் சொல்வதில்லை: வண்டியும் ட்ரெய்லரும் ஆட்களும் சாமானும் எல்லாம் சேர்ந்த மொத்த நிறை. அங்கே விற்ற ஒட்டோ கியர் டபுள் கேப்புக்கு அது 5850 கிலோ. 3500ஐ இழுத்தால் வண்டிக்கு மிஞ்சுவது 2350. வெறும் வண்டியே 2100 அளவில் நிற்கும். மீதி 250 கிலோவுக்குள் ஓட்டுநர், கூடப் போகிறவர்கள், டீசல் பரல், கலப்பைக் கொழு எல்லாம் அடங்கவேண்டும். நாலு ஆள் ஏறினாலே தாண்டிவிடும்.

உங்கள் 3 தொன்னுக்கு ஓரளவு இடம் இருக்கிறது, ஆனாலும் ஆட்களை பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள். ட்ரெய்லர் இரண்டு அச்சு உள்ளதாகவும், இரண்டு அச்சிலும் பிறேக் உள்ளதாகவும் இருக்கவேண்டும். உங்கள் சாரதி உரிமத்தின் வகுப்பு எவ்வளவு நிறையுள்ள ட்ரெய்லர்வரை இடம் கொடுக்கிறது என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, ட்ரெய்லரையும் பதிவு செய்த பிறகு றோட்டில் இறக்குங்கள். காப்புறுதிக் கொம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

வருடத்தில் இரண்டு போகத்துக்கு மட்டும்தான் இந்த ஓட்டம் என்றால், என் கணக்கில் லொறிக் கூலியே இலாபம். அதற்காக மட்டும் டபுள் கேப் எடுத்து லீசிங் கட்டுவது வீண்.

கேள்வி (செட்டிகுளம்): லாண்ட்மாஸ்டரின் (இரண்டு சில்லு ட்ராக்டர்) பெட்டி சும்மா கிடக்கிறது. அதைப் பிக்கப்பில் கொளுவி நெல் ஏற்றலாமா? 20 மூட்டைதான்.

பதில்: வேண்டாம் தம்பி. அந்தப் பெட்டி லாண்ட்மாஸ்டரின் ஊர்ந்த ஓட்டத்துக்குச் செய்தது. வில் (ஸ்பிரிங்) இல்லை, பின்விளக்கு இல்லை, கொளுவும் ஊசித்துளையின் உயரமும் பிக்கப்போடு ஒத்துவராது. மூட்டை 65 கிலோ என்று வைத்தாலும் 20 மூட்டை 1300 கிலோ. லாண்ட்மாஸ்டரிலேயே ஏற்றுங்கள்.

கேள்வி (வவுனியா): கனடாவில் இருக்கும் அண்ணா ராவ்4 ஹைபிரிட் எடுக்கச் சொல்கிறார். சின்ன ட்ரெய்லரில் கடைச் சாமான் இழுக்கலாமா?

பதில்: எந்த ராவ்4 என்பதைப் பொறுத்தது. 2019 வடிவத்தில், அவுஸ்திரேலியக் கணக்குப்படி, நாலு சில்லும் இழுக்கும் ஹைபிரிட்டுக்கு 1500 கிலோ, முன்சில்லு மட்டும் இழுப்பதற்கு 480 கிலோ. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். மற்றது, இது தனிச் சட்டகம் இல்லாத வண்டி. பின் பம்பருக்குக் கீழே கம்பியை ஒட்டிக் கொக்கி செய்து தருவதாக யாரும் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்த மொடலுக்கென்றே வரும் இழுவைச் சட்டத்தை, கொம்பனி விட்ட துளைகளில் நட்டு போட்டுத்தான் பூட்டவேண்டும். பம்பருக்குள் திருகுகிற வளையம் பழுதான வண்டியைக் கட்டி இழுப்பதற்கு, ட்ரெய்லருக்கு அல்ல.

பந்தின் அளவையும் பாருங்கள். 50 மில்லிமீற்றர்ப் பந்தும் 1 7/8 அங்குலப் பந்தும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், ஆனால் இரண்டாவது 47.6 மில்லிமீற்றர்தான். 50க்குச் செய்த கிண்ணத்தில் (பந்தைக் கவ்வும் ட்ரெய்லர்க் கழுத்தின் முனை) அதைப் போட்டால் பூட்டியதுபோல நிற்கும், ஒரு குழியில் விழுந்ததும் கழன்றுவிடும். அளவு பந்தின் தலையில் வெட்டியிருக்கும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கழுத்துக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள், கழன்றாலும் கழுத்து நிலத்தில் குத்தாது.

கேள்வி (மன்னார்): ட்ரெய்லரை ஒவ்வொரு முறையும் கடலுக்குள் இறக்கித்தான் போட்டை எடுக்கிறோம். சில்லுக்குள் பெயறிங் அடிக்கடி போகிறது. மலிவான பெயறிங் போட்டதாலா?

பதில்: பெயறிங்கில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. ஓடி வந்த சூட்டோடு தண்ணீருக்குள் இறக்குகிறீர்கள். சூடான சில்லுக்குடம் சட்டெனக் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கி, சீல் வழியே உப்புத்தண்ணீரை உறிஞ்சும். கரைக்கு வந்ததும் ஓர் அரை மணித்தியாலம் ஆற விடுங்கள். கையை வைத்துப் பார்த்துச் சூடு இல்லையென்றால் இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், வில் தகடுகளுக்கு இடையிலும் அடியுங்கள். தண்ணீரைத் தாங்கும் மரீன் கிறீஸ் கேட்டு வாங்குங்கள், சாதாரணக் கிறீஸ் உப்புத்தண்ணீரோடு கலந்து பால்போலாகிவிடும். சீலை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாகப் போடவேண்டும், பழையதைத் தட்டித் திருப்பிப் போடுகிற கராஜுக்குப் போகாதீர்கள்.