உப்புத் தண்ணீரும் தக்காளிச் செடியின் நீரோட்டமும்: கேள்வி பதில்

திருவொற்றியூர் வாசகர்: மாடித் தோட்டத்தில் மண் ஈரமாகவே இருந்தும் நண்பகலில் தக்காளி துவண்டுவிடுகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். ஏன் ஐயா?

பதில்: மண்ணில் ஈரம் இருப்பது வேறு, அந்த ஈரத்தை வேர் எடுக்க முடிவது வேறு. சவ்வு வழியாக நீர் உப்புச் செறிவு மிகுந்த பக்கத்துக்கே நகரும் என்பதால், மண்ணீரில் உப்பு ஏற ஏற வேர் செல்களுக்குள் அது நுழைவது கடினமாகிறது. அத்துடன், நீர் புகுவதற்கென்றே வேர்ச் சவ்வில் உள்ள அக்குவாபோரின் என்னும் புரத வாயில்களின் செயல்பாடு, உப்பு தாக்கிய சில மணி நேரத்திலேயே குறைந்துவிடுகிறது. அப்சிசிக் அமிலம் என்னும் செடியின் ஹார்மோன் பெருகி இலைத்துளைகளும் பெருமளவு மூடிக்கொள்ளும். அப்படியும் உச்சி வெயிலில் இலை இழக்கும் நீருக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாமல் செடி துவண்டு, மாலையில் நிமிர்கிறது. துவள்வதைக் கண்டு அதே தண்ணீரை மேலும் மேலும் சிறிதளவு ஊற்றுவோர் பலர். நீர் ஆவியாகிவிட, உப்பு செடி வளரும் பையிலேயே தங்கும்.

மீஞ்சூர் வாசகர்: எங்கள் கிணற்று நீரில் டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, மில்லிகிராமில்) 1,800 காட்டுகிறது. தக்காளி தாங்குமா?

பதில்: தாங்கும், ஆனால் மகசூல் குறையும். நீரில் உப்பு கூடக் கூட அதன் மின்கடத்துதிறனும் கூடும்; அதை அளக்கும் அலகு டெசிசீமென்ஸ். பாசன நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.7 டெசிசீமென்ஸ் வரை இழப்பில்லை என்பது பொதுவான அளவுகோல். உங்கள் டிடிஎஸ் அளவை இந்த அலகுக்கு மாற்றினால், கருவியின் கணக்கைப் பொறுத்து, 2.8 முதல் 3.6 வரை வரும். அளவுக்கு மீறி இறைத்ததால் நிலத்தடியில் கடல்நீர் புகுந்த பகுதி உங்களுடையது என்பதால், கோடையில் மறுபடி அளந்து பாருங்கள்.

எண்ணூர் வாசகர்: காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிவிழுகிறது. சுண்ணாம்புச் சத்து கொடுத்தும் பயனில்லை.

பதில்: சுண்ணாம்புச் சத்தான கால்சியம், வேரிலிருந்து நீரை மேலேற்றும் சைலக் குழாய்களில்தான் நீரோடு பயணிக்கும், நீராவிப்போக்கு மிகுந்த இலைகளே அதில் பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும். காய்க்கு வரும் நீரோ பெரும்பாலும், இலையில் தயாரான சர்க்கரையைக் கொண்டுசெல்லும், கால்சியம் மிகக் குறைந்த புளோயம் குழாய்கள் வழியாக வருகிறது. உப்பு, ஏற்கெனவே இருக்கும் சைல ஓட்டத்தையும் குறைத்து, காய்க்குள் சைலக் குழாய்கள் வளர்வதையும் தடுப்பதால், கடைக்கோடியான அடிநுனிதான் முதலில் சாகிறது. ஓட்டமே இல்லாத இடத்தில் சத்தை மட்டும் கூட்டிப் பயனில்லை.

தண்டையார்பேட்டை வாசகர்: ஆர்.ஓ. கழிவுநீரை ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் குடிக்காமல் விட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மணலி வாசகர்: உப்புத் தண்ணீரில் விளைந்த பழம் ருசி என்கிறார்களே? பையில் சேர்ந்த உப்பை எப்படி நீக்குவது?

பதில்: ருசி உண்மைதான். பழத்துக்குள் நீர் குறைவாகச் சேர்வதால் சர்க்கரையும் அமிலமும் செறிவாகின்றன. பழம் சிறுத்து எடை குறைவதால், வீட்டுக்கு லாபம், விற்பவருக்கு நட்டம். உப்பை நீக்க, சேமித்த மழைநீரைப் பையின் அடித்துளைகளில் நன்றாக வழிந்தோடும் வரை ஊற்றுங்கள். வழிந்த நீரைத் தட்டில் தேங்கவிட்டால் உப்பு மீண்டும் மேலேறும்.